தோட்டமில்லாத தோட்டத் தொழிலாளர்

தமிழ் அகராதியைப் புரட்டினால், தோட்டம் என்பது பூவும் காயும் கனியும் விளையும் இடம் என்று காண்போம். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. இங்கே தோட்டம் என்றால் பிரட்டுக் களம், கொழுந்து மடுவம், லயம். "எங்கள் தோட்டம்" என்று கட்டுரை எழுதச் சொன்னால், என் மாணவர்கள் தேயிலை மலையைப் பற்றியே எழுதுகிறார்கள். எழுத்தில் பிழையில்லை, பிழை வாழ்க்கையில் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் என்று பெயர் சூட்டப்பட்ட மக்களுக்குத் தமக்கென ஒரு தோட்டம் இல்லை!

இம்மலைகளில் பூந்தோட்டமே இல்லையா? ஏன் இல்லை! 1861இல் சிங்கோனாப் பயிருக்காகத் தொடங்கப்பட்ட ஹக்கலைத் தோட்டம் இன்று புகழ்பெற்ற தாவரவியல் பூங்கா. விக்டோரியா அரசியின் வைரவிழா நினைவாக 1897இல் எழுந்தது நுவரெலியாப் பூங்கா. துரைமார் பங்களாக்களைச் சுற்றிப் புல்தரையும் ரோஜாப் பாத்தியும் விரிந்தன. அந்தப் புல்லை வெட்டியவன் யார்? அந்த ரோஜாவைக் கவ்வாத்து வெட்டியவன் யார்? பொழுது சாய்ந்ததும் அவன் திரும்பிச் சென்றது 10 அடிக்கு 12 அடி அளவான லயத்துக் காம்பராவுக்கு.

இங்கிலாந்திலே பூந்தோட்டத்தை அறைகளாக வகுக்கும் ஒரு கலை உண்டு. எழுத்தாளர் விட்டா சாக்வில்-வெஸ்ட்டும் அவர் கணவர் ஹரல்ட் நிக்கல்சனும் 1930இல் கெண்ட் மாவட்டத்தின் சிசிங்ஹர்ஸ்ட்டை வாங்கினர். மதில்களாலும் வேலிச்செடிகளாலும் அதனைப் பல அறைகளாகப் பிரித்தனர். ஓர் அறையை வெள்ளைப் பூக்களுக்கென்றே ஒதுக்கினர். அங்கே பூக்களுக்கும் நிறத்துக்கொரு அறை. இங்கே ஒரு குடும்பம் முழுமைக்கும் ஒரே காம்பரா! வரலாற்றின் இக்கேலியைச் சொல்லிச் சிரிப்பதற்காக நான் எழுத வரவில்லை. அக்கலை நமக்கும் உரியது என்று வாதிடவே வந்தேன்.

"சோற்றுக்கே போராடும் மக்களுக்குப் பூந்தோட்டம் ஒரு கேடா?" என்று முற்போக்கு நண்பர்கள் சிலர் சீறுவர். அவர்களின் பரிவை நான் மதிக்கிறேன், வாதத்தை மறுக்கிறேன். உழைப்பவனுக்கு வயிறு மட்டுமே உண்டு, கண் இல்லை என்பது துரைத்தனத்தின் கொள்கை. அதை நாமும் ஏன் ஓதவேண்டும்? நிலங்களுக்கே குறிஞ்சி என்றும் முல்லை என்றும் பூக்களால் பெயர் வைத்த இனம், லயத்து வாசலில் பழைய தகரப் பேணியில் செவ்வந்தி வளர்க்கிறது. அழகுணர்ச்சி அழியவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அழியாத அந்த உணர்ச்சிக்கு இல்லாதது மண்ணே.

அந்த மண் இன்று சிறு அளவிலாவது வந்துகொண்டிருக்கிறது. இந்திய உதவியுடன் மலையகத்தில் 4,000 தனிவீடுகள் எழுந்தன. குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி வீடு. கணக்கிட்டுப் பாருங்கள்: 7 பேர்ச்சஸ் ஏறத்தாழ 1,906 சதுர அடி, வீடு போக மிஞ்சுவது 1,356 சதுர அடி. குறுகிய நிலந்தான், ஆயினும் குறுகிய நிலத்துக்கே இந்த அறைக்கலை மிகவும் பொருந்தும். முழு நீளமும் ஒரே பார்வையில் முடிந்துவிட்டால் நிலம் சிறுத்துத் தோன்றும், இடையே இடுப்பளவு வேலிச்செடி மறைத்தால், "அப்பால் என்ன?" என்று கண் தேடும்.

வாசலில் செம்மையும் மஞ்சளும் இருக்கட்டும்: கல்வாழை, டேலியா, மாரியம்மன் திருவிழாவுக்கு மாலை தொடுக்கச் செவ்வந்தி. வீட்டுக்குப் பின்னே பச்சை அறை: கோவா, லீக்ஸ், பீட்ரூட். சோற்றைப் பற்றிக் கவலைப்பட்ட நண்பருக்கு விடை இங்கே இருக்கிறது. கடைசி அறை நீலத்துக்கு. நீலம் கண்ணுக்குத் தொலைவாகத் தோன்றுமாதலால், நிலம் நீண்டதுபோல் இருக்கும். அதற்கு ஹைட்ரேஞ்சியா போதும். சுண்ணாம்பு மண்ணில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் அச்செடி, அமிலத் தன்மையுள்ள நம் தேயிலை மண்ணில் அலுமினியத்தை உறிஞ்சி நீலமாகப் பூக்கிறது. தேயிலைக்கு ஏற்ற அதே மண், நமக்கு விலையின்றி நீலம் தருகிறது!

ஆனால் செடி வேரூன்ற வேண்டுமானால், முதலில் மனிதன் வேரூன்ற வேண்டும். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்கள் நாம். 1964 ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்ட மக்கள் நாம். நாளை யாருக்கோ என்ற அச்சமுள்ள நிலத்தில் எவன் பல்லாண்டுச் செடி நடுவான்? ஆகவே ஒவ்வொரு குடும்பத்துக்கும் காணி வேண்டும். காணியோடு சட்டப்படி செல்லும் உறுதி வேண்டும். வாசலில் தண்ணீர்க் குழாய் வேண்டும். பூச்செடி பிச்சையாக வேண்டாம். அதை நாமே நட்டுக்கொள்வோம்.

பிறர் தோட்டங்களுக்கு நிறம் கொடுத்த கைகள் இவை. "எங்கள் தோட்டம்" என்ற தலைப்பில் ஒரு மலையகக் குழந்தை தன் வீட்டு நீலப் பூவைப் பற்றி எழுதும் நாளில்தான், அச்சொல் தன் பொருளை மீட்டுக்கொள்ளும்.