யாருடைய மதகு?

எங்கள் ஒழுங்கை முடிவில் ஒரு மதகு இருக்கிறது. பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். வீதிக்குக் கீழே புதைத்த ஒரு சீமெந்துக் குழாய், அவ்வளவுதான். கார்த்திகையில் மழை பிடித்தால் வாழைமட்டை, சோடாப் போத்தல், யாரோ வெட்டிப்போட்ட கதியால் எல்லாம் வந்து அதன் வாயை அடைத்துக்கொள்ளும். பிறகு தண்ணீர் வீதிக்கு மேலால் ஏறி எதிர்வீட்டுக் குசினிக்குள் போகும். போன மாரியிலும் அதுதான் நடந்தது. எதிர்வீட்டுப் பெடியன் பள்ளிக்கூடச் சப்பாத்தை மேசைக்கு மேல் தூக்கி வைத்துவிட்டு மண்வெட்டியோடு வந்தான். நானும் இறங்கினேன். அரை மணித்தியாலம் கிண்டித் திறந்தோம். விடியப் பார்த்தால் பழையபடி அடைப்பு.

மழை விட்டதும் முறைப்பாட்டுக் கடிதத்தோடு புறப்பட்டேன். முதல் கந்தோரில், "ஐயா, அந்த வீதி எங்கட இல்லை" என்றார்கள். வீதிக்காரரிடம் போனால், "வீதி எங்கடதான், வாய்க்கால் குளத்தின்ர" என்றார்கள். குளத்துக்காரரோ, "எங்களுக்குக் குளமும் கட்டும்தான். அங்கால உள்ள ஒதுக்குக் காணிக்கு வேற கந்தோர்" என்றார்கள். நாலாவது இடத்தில் அன்று பொதுமக்கள் தினம் இல்லை.

கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் ஒருவரும் பொய் சொல்லவில்லை. 80 ஹெக்டேயர் வரையான வயலுக்குப் பாயும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை நீர்ப்பாசனத் திணைக்களங்களுக்கு. ஏ-9 வீதியின் மதகுகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, நகர வடிகான் மாநகர சபைக்கு, அரச காணி பிரதேச செயலாளருக்கு, மேலே உள்ள காடு வனவளத் திணைக்களத்துக்கு. எங்கள் வவுனியா மாவட்டத்தில் மாநகர சபையோடு நான்கு பிரதேச சபைகள் வேறு. இத்தனை எல்லைகளையும் தண்ணீர் ஒரே இரவில் கடந்துவிடுகிறது.

வவுனியா தண்ணீர் பிரிகிற மேட்டுநிலம். சேமமடுக் குளத்துப் பக்கம் தொடங்கும் கனகராயன் ஆறு வடக்கே இரணைமடுவுக்குப் போய், சுண்டிக்குளம் களப்பில் முடிகிறது. பறங்கி ஆறு மன்னார்ப் பக்கம் போய்க் கடலில் விழுகிறது. 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சிக்காரர் பார்த்த வெள்ளத்தில் எங்கள் மாவட்டத்து மழையும் கலந்திருந்தது.

இது குளங்களின் ஊர் என்பதை எங்கள் முகவரிகளே சொல்லும். வைரவபுளியங்குளம், பண்டாரிக்குளம், தாண்டிக்குளம், இறம்பைக்குளம், கோவில்குளம், கூமாங்குளம், நெளுக்குளம். உலர்வலயத்துச் சிறு குளங்களைப் பழைய ஆட்கள் தொடராகக் கட்டினார்கள். மேற்குளம் வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீரும், அதன் வயலில் கழிந்த தண்ணீரும் கீழ்க்குளத்துக்கு வரத்து. புவியியலாளர் மத்தும பண்டார 1985இல் இந்தக் குளத்தொடர்களை ஆய்வுலகத்துக்கு விளக்கி எழுதினார். 2017இல் ஐ.நா. உணவு விவசாய அமைப்பு இவற்றை உலக விவசாயப் பாரம்பரியமாக ஏற்றது. உலகம் ஏற்றதை எங்கள் ஒழுங்கைக் குழாய் ஏற்கவில்லை.

முந்தி இந்த வாய்க்கால்களைத் துப்பரவாக்கியவர்கள் கமக்காரர்கள். காலபோகத்துக்கு முன்னால் வயலுக்குரியவன் தன் பங்கு வாய்க்காலை வெட்டியே ஆகவேண்டும். வெட்டாவிட்டால் அவன் வயலுக்குத்தான் நட்டம். இப்போது நகரத்துக்குள் அந்த வயல்கள் வீட்டுக்காணிகளாகிவிட்டன. வயல் போனதும் கமக்காரர் அமைப்புக்கு அங்கே வேலை இல்லை. துருசு திறக்க ஆள் தேவையில்லை. பாய்ச்ச வயல் இல்லாத குளம், பார்க்க ஆளில்லாத குளமாகிவிடுகிறது. பிறகு அலைகரையில் கிரவல் பறிக்கிறார்கள், வாய்க்கால் ஓரம் மதில் எழும்புகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டம் குளத்தையும் வாய்க்காலையும் மறிப்பதைக் குற்றம் என்றே சொல்கிறது. இல்லாதது, தண்ணீர் போகிற வழியைக் கையில் வைத்துக்கொண்டு போடுகிற திட்டம். வட்டாரம் வட்டாரமாகக் காசு பிரித்து வடிகான் கட்டினால், ஒரு வட்டாரத்தின் வடிகான் அடுத்த வட்டாரத்தின் வெள்ளம். குளத்தொடர் ஒன்றை ஒரு அலகாக எடுங்கள். ஆவணி பிறந்ததும் அந்தத் தொடருக்குரிய கந்தோர்கள் எல்லாம், மிஞ்சியிருக்கும் கமக்காரரோடு, மேற்குளத்திலிருந்து கீழ்க்குளம் வரை ஒருநாள் நடந்து வரட்டும். மேலே பத்தடி அகலத்தில் வான் பாய்கிற தண்ணீருக்குக் கீழே இரண்டடிக் குழாய் போதாது என்பது நடந்தால் தெரியும். கட்டட அனுமதியில் கையெழுத்து வைக்கும் சபை, அதற்கு முன் அந்த வாய்க்கால் படத்தை ஒருதரம் விரித்துப் பார்க்கட்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் காணி உறுதியை எடுத்து நாலு எல்லையையும் வாசியுங்கள். நானும் வாசித்தேன். என் காணியின் தெற்கு எல்லை "வாய்க்கால்" என்று தெளிவாக எழுதியிருக்கிறது. ஏழு வருடத்துக்கு முன் இரண்டடி அங்கால தள்ளி மதில் கட்டியது நான்தான். ஆவணிக்கு முன் உடைத்துத் தரச்சொல்லி மேசனிடம் சொல்லியிருக்கிறேன்.