மின்னூலின் விலை

மாணவர்களே, தாள், மை, நூற்கட்டு ஆகிய செலவுகள் மின்னூலுக்கு இல்லை. ஆயினும், அச்சு நூலுக்கு இல்லாத சரக்கு மற்றும் சேவை வரி மின்னூலுக்கு உண்டு. 18 விழுக்காடாக இருந்த அவ்வரி, 2018 சூலையில் 5 விழுக்காடாகக் குறைந்தது. அதுவும் அச்சுப் பதிப்பு உள்ளவற்றிற்கு மட்டுமே. இஃது எனக்கு முறையாகத் தோன்றவில்லை. சென்னையிலிருந்து தமிழ் நூல்களை வரவழைக்க அஞ்சற்செலவும் ஏற்கும் ஐதராபாத்துத் தமிழருக்கு மின்னூலன்றோ எளிய வழி!

ஆபிட்சு நடைபாதையில் ஞாயிறுதோறும் பழைய நூல்கள் விற்பதைக் கண்டிருப்பீர்கள். அச்சு நூலைப் படித்தபின் விற்கலாம், தோழருக்கும் தரலாம். விலைக்கு வாங்கிய மின்னூலைப் பெரும்பாலும் அவ்வாறு விற்க இயலாது. ஆதலின், அதன் விலை அச்சு நூலின் விலையில் பாதியைத் தாண்டலாகாது என்பேன். அந்நிலை வரும்வரை, மதுரைத் திட்டம் 1998 முதல் விலையின்றி வழங்கிவரும் தமிழ் இலக்கியங்களைப் படித்து வாருங்கள்.