மெட்டு எங்கே?

மாடம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்குப் பூ கொண்டுவரும் பாட்டிக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். சென்ற மாதம் மழைக்குத் திண்ணையில் ஒதுங்கியவர், கூடையை மடியில் வைத்துக்கொண்டு, தான் நாற்று நட்ட காலத்துப் பாட்டொன்றைப் பாடினார். அவர் நட்ட கழனியில் இன்று அடுக்குமாடி நிற்கிறது. ஓடிப்போய்த் தாள் எடுத்துவந்து சொற்களை எழுதிக்கொண்டோம். இரவு படித்துப் பார்த்தால் அதில் பாட்டு இல்லை. வரி முடிவில் அவர் குரல் சறுக்கி இறங்கிய விதமும் மூச்சு வாங்கிய இடமும் தாளில் ஏறவே இல்லை.

அப்போது நினைவுக்கு வந்தவர் பேலா பார்டோக். 1881இல் பிறந்த ஹங்கேரிய இசையமைப்பாளர். 1904இல் வெளியூரில் தங்கியிருந்தபோது, லிடி டோசா என்ற தாதிப்பெண் குழந்தைகளுக்குப் பாடிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது. அந்தப் பாட்டுதான் அவரைத் தேட வைத்தது. நகரத்து விடுதிகளில் ஜிப்சிக் குழுக்கள் வாசித்ததையே ஹங்கேரியின் நாட்டுப்புற இசை என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. பார்டோக்கும் நண்பர் ஸோல்டான் கோடாயும் எடிசனின் ஒலிப்பதிவுக் கருவியையும் மெழுகு உருளைகளையும் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார்கள். குடியானவர்களிடம் கிடைத்த பழைய மெட்டுகளில் பல ஐந்து சுரங்களில் அமைந்தவை. நம் காதுக்குச் சுத்த தன்யாசியின் சுரங்கள் என்றே படும்.

பார்டோக் எழுதிவைத்த முறைதான் நம்மைத் தலைகுனிய வைக்கிறது. பாடியவர் யார், எந்த ஊர், எந்த நாள் என்று குறித்தார். குரலின் சறுக்கலையும் நடுக்கத்தையும் சுரக்குறிப்பில் கொண்டுவந்தார். அடுத்த கண்ணியில் அதே வரியை வேறு மாதிரிப் பாடினால் அதையும் எழுதினார். ருமேனிய, ஸ்லோவாக்கியப் பாடல்களையும் அதே கவனத்தோடு திரட்டினார். அதற்காகச் சொந்த நாட்டிலேயே வசை வாங்கினார். 1913இல் அல்ஜீரியாவின் பிஸ்க்ராவுக்கும் 1936இல் துருக்கிக்கும் போனார். நாஜிகளின் நிழல் ஹங்கேரி மேல் விழுந்ததும் 1940இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கேயும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து பிறர் பதிவு செய்த செர்போ–குரோஷியப் பாடல்களுக்குச் சுரம் எழுதிக்கொண்டிருந்தார். 1945 செப்டம்பர் 26இல் நியூயார்க்கில் இறந்தபோது, மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவில் கடைசிப் பதினேழு தாளக்கட்டங்களுக்கு (bars) வாத்திய அமைப்பு எழுதுவது மட்டும் பாக்கியிருந்தது.

நம்மிடமும் பெரும் உழைப்பாளிகள் இருந்தார்கள். நா. வானமாமலையின் தொகுப்பு இல்லாவிட்டால் எத்தனையோ பாடல்கள் அழிந்திருக்கும். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் இணையர் பாடல்களை மெட்டோடு மேடைக்குக் கொண்டுவந்தார்கள். ஆனாலும் நம் நாட்டார் பாடல் புத்தகங்களில் பெரும்பாலானவை சொற்களோடு நின்றுவிட்டன. ஏற்றம் இறைத்தவர்கள் போனார்கள். அவர்களுடைய ஏற்றப்பாட்டின் சொல் நூலகத்தில் இருக்கிறது, மெட்டு எங்கே?

2005இல் வெளிவந்த இளையராஜாவின் ‘திருவாசக’த்தை வாசித்தது புடாபெஸ்ட் இசைக்குழு. பார்டோக் பாடம் சொல்லிக்கொடுத்த நகரம் அது. அவ்வளவு தூரம் போய்வந்த நம் இசைக்கு முடிச்சூரும் வேங்கைவாசலும் வண்டலூரும் எட்டாத தூரமா? கழனிகள் மனையாகிவிட்டன. நாற்று நட்ட கைகள் மட்டும் இன்னும் இங்கேதான் இருக்கின்றன, பூக்கட்டிக்கொண்டும் இட்லிக்கடை நடத்திக்கொண்டும். பார்டோக் பெட்டி கட்டிச் சுமந்த கருவி இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. சுரம் எழுதவும் இங்கே ஆளுண்டு: பாட்டு வாத்தியார்கள் இருக்கிறார்கள், தேவாலயப் பாடகர் குழுக்களில் ‘டோ ரே மீ’ எழுதிப் பழகியவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த இதழில் அந்த நடவுப்பாட்டைப் பாட்டியின் சம்மதத்தோடு, சுரக்குறிப்புடன் வெளியிடுகிறோம். வாசகர்களே, உங்கள் வீட்டு அம்மாச்சியிடம், தெருமுனை ஆயாவிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே கேளுங்கள். தாலாட்டோ ஒப்பாரியோ, பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பாடுபவரின் பெயர், வயது, ஊர், பாடிய நாள் நான்கையும் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இடையில் இருமினாலும் வெட்டாமல் அப்படியே அனுப்பி வையுங்கள்.