முடிவுநாள் இல்லாத தண்டனை

நீதிமன்றம் ஒருவருக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதிக்கிறது. அக்காலம் கழிந்ததும் சிறைக்கதவு திறக்கிறது. சட்டத்தின் கணக்கில் கடன் தீர்ந்துவிட்டது. ஆனால் இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் வேலை கேட்டுப் போகுமிடத்தில், வாடகைக்கு வீடு கேட்கும் தெருவில், மகளுக்கு வரன் பேசும் திண்ணையில், அந்த மூன்று மாதங்கள் அவருக்கு முன்னரே போய் அமர்ந்திருக்கின்றன. இந்த இரண்டாம் தண்டனையை விதித்த நீதிபதி யார்? எந்தச் சட்டப்பிரிவின்கீழ் விதித்தார்? இதற்கு முடிவுநாள் எது? விடை சொல்வார் எவருமில்லை.

குற்றத்தைச் சிறிதென்று காட்டுவது நம் நோக்கமன்று. தீங்கிழைத்தவர் தண்டனை பெறட்டும். தீங்குற்றவருக்கு நீதி கிடைக்கட்டும். ஆனால் தண்டனை என்பது அளவுடையது. அளவற்றதைத் தண்டனை என்று சொல்லலாகாது, அது பழி.

அளவு வேண்டும் என்பதை நம் சட்டங்களே சில இடங்களில் ஒப்புக்கொள்கின்றன. ஒழுக்கக்கேடான குற்றத்திற்காக இரண்டாண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவருக்குக் கடவுச்சீட்டை மறுக்கலாம் என்கிறது 1967-ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டம். ஆயினும், தீர்ப்பு வந்து ஐந்து ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்தால்தான் அத்தடை. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, இரண்டாண்டுத் தண்டனை பெற்றவரும் விடுதலையாகி ஆறு ஆண்டுகள் கழிந்தபின் தேர்தலில் நிற்கலாம். வழக்கு நிலுவையில் இருப்பது மட்டும் வேட்பாளருக்குத் தடையே அன்று.

சட்டம் இயற்றப் போகிறவருக்கு இத்தனை பெருந்தன்மை! அதே சட்டத்தைக் காக்கும் காவலர் வேலைக்கு விண்ணப்பிக்கும் ஏழை இளைஞனுக்கோ வேறு நியாயம். சந்தேகத்தின் பலனை அளித்தோ, புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சியாகிவிட்டதாலோ விடுதலை செய்யப்பட்டவரும் குற்றவழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார் என்கிறது தமிழ்நாட்டுக் காவல்துறையின் பணி விதி. 2008-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வும் அவ்விதியை ஏற்றது. பங்காளிச் சண்டையிலோ திருவிழாத் தகராறிலோ முதல் தகவல் அறிக்கையில் பெயர் சேர்ந்துவிட்டால் போதும். பின்னர் இரு குடும்பங்களும் சமாதானமாகி, சாட்சி சொல்ல எவரும் வராமல் வழக்கு முடியலாம். நீதிமன்றம் விடுதலை செய்த அதே தீர்ப்பே வேலைக்குத் தடையாகிறது. தண்டனை பெற்றவர் ஆறு ஆண்டில் சட்டமன்றம் செல்லலாம். விடுதலை பெற்றவர் காவல் நிலையத்தில் பணிக்கு நிற்கக் கூடாது! இது எந்த ஊர் நியாயம்?

தீர்ப்பே வராத வழக்கும் வாழ்வை முடக்கவல்லது. இதை நம் கடற்கரை மக்கள் நன்கறிவர். கூடங்குளம் அணுமின் நிலையத்திற்கு எதிராக 2011-இலும் 2012-இலும் இடிந்தகரை லூர்து அன்னை ஆலயத்தின் முன் திரண்ட மக்களுள் ஆயிரக்கணக்கானோர்மீது தேசத்துரோகம் உள்ளிட்ட பிரிவுகளில் வழக்குகள் பதிவாயின. அணுமின் நிலையத்தை அனுமதித்த உச்ச நீதிமன்றமே, 2013-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், அவ்வழக்குகளைத் திரும்பப் பெற முயலவேண்டும் என்றது. எஞ்சிய வழக்குகளைக் கைவிடுவதாகத் தமிழக அரசு அறிவித்ததோ 2021-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் இளைஞர்களின் வயது காத்திருக்கவில்லை. வளைகுடா வேலையும் கப்பல் வேலையும் கடவுச்சீட்டை நம்பியவை. குற்றவழக்கு நிலுவையிலிருந்தால் அதற்கு நீதிமன்றப் படியேற வேண்டும். கடலுக்குப் போவதைத் தவிர வேறு வழியறியாத வீடுகளில் இதன் பொருள் என்ன என்பதை நாம் விளக்கவும் வேண்டுமோ?

‘சமூகத்தின் பாதுகாப்பு என்னாவது?’ என்று கேட்பார் உளர். நியாயமான கேள்விதான். குழந்தைகளுக்குத் தீங்கிழைத்தவரைப் பள்ளி வாயிலில் நிறுத்த எவரும் துணியார், கூடாது. பணத்தைக் கையாடியவரிடம் கருவூலச் சாவியைக் கொடுக்கத் தயங்குவதும் முறையே. குற்றத்திற்கும் பணிக்கும் தொடர்பிருந்தால் தடை இருக்கட்டும். ஆனால் பத்தொன்பது வயதில் கைகலப்பில் சிக்கியவர் நாற்பது வயதில் ஓட்டுநராகவும் ஆகக் கூடாது என்பதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது? நேர்மையாகப் பிழைக்கும் வழிகளையெல்லாம் அடைத்துவிட்டு, பழைய வழிக்கே திரும்பிவிட்டான் என்று தூற்றுவது அறமாகுமா?

மாற்று வழி இல்லாமலில்லை. குறித்த காலம் குற்றமின்றி வாழ்ந்தவரின் பழைய தண்டனையைத் தீர்ந்ததாகக் கருதும் சட்டத்தைப் பிரிட்டன் 1974-இலேயே இயற்றியது. நம்மிடமும் அதன் விதைகள் உள்ளன. 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின்கீழ் எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடுவிக்கப்படுபவருக்குத் தண்டனைத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு சேராது. 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டமும், கொடுங்குற்றம் தவிர்த்த மற்றவற்றில், சிறாரின் பழைய பதிவுகளை அழிக்கச் சொல்கிறது. சிறு வயதில் முழக்கமிட்டது போன்ற அற்ப வழக்குகளை மறைத்ததைக்கூட வேலையளிப்போர் பொறுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் கூறியது. இவ்விதைகளை மரமாக்கும் பொதுச்சட்டம் ஒன்று வேண்டும். விடுதலையை விடுதலையாகவே மதிக்கும்படி காவல்துறைப் பணி விதியும் திருத்தப்பட வேண்டும்.

சட்டம் வரும்வரை நாம் கைகட்டியிருக்கத் தேவையில்லை. பள்ளியும் மருத்துவமனையும் கடையும் பட்டறையும் நடத்துவோர் நம்மிடையே பலர். வேலை கேட்டு வருபவரிடம் ‘உன்மேல் வழக்கு உண்டா?’ என்ற ஒரே கேள்வியோடு கதவை மூடாமல், என்ன வழக்கு, எப்போது, அதன் முடிவென்ன, அதன்பின் எப்படி வாழ்ந்தார் என்று கேட்கலாமே! வரன் பார்க்க வருவோரும் தகப்பனின் பழைய வழக்கை மகளின் குறையாக எண்ணாதிருக்கலாமே! மன்னிப்பைப் பற்றிய மறையுரை நமக்கு இனிக்கிறது. வேலை ஆணையிலும் திருமணப் பேச்சிலும் அது ஏன் கசக்கவேண்டும்?

ஒருவர் செய்த பிழையை அளந்து தண்டிக்க நீதிமன்றம் இருக்கிறது. அது அளந்து கொடுத்ததற்குமேல் ஒரு நாளும் கூட்ட நமக்கு எவரும் அதிகாரம் தரவில்லை.