கிரியர்சன் துரையின் முதல் கேள்வி

தமிழில் பேசினால் தானே எழுதிக்கொள்ளும் என்ற விளம்பரத்தோடு இவ்வாரம் என் கைப்பேசியில் குடியேறிய ஒரு செயலி, செய்தி வாசிப்பவரைப்போல் நான் நிதானித்துச் சொன்னதையெல்லாம் அட்சரம் பிசகாமல் எழுதிக் காட்டி என்னை மகிழ்வித்தது. ஆனால் தாராவி தொண்ணூறடிச் சாலையில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலி வம்சத்துப் பையன் ஒருவன், “அண்ணாச்சி, கோலிக்குப் பாடா குடுத்தாச்சு, பாவ்திதான் வரல” என்று, அறைக்கு வாடகை கொடுத்தும் ரசீது வராத விவகாரத்தை மராத்திச் சொற்கள் கலந்து சொன்னபோது, “கோழிக்குப் பாட்டு” என்று எழுதி வைத்தது.

வேறு மொழிகளில் பழகிய யந்திரத்துக்குப் புதுமொழி ஒன்றைப் பழக்க, ஒலியும் அதற்கு நேரான எழுத்தும் ஒருசேர வேண்டும்; அவை சுலபமாக அகப்படும் இடங்கள் சிலவே. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழு 2022-இல் ஆகாசவாணிச் செய்தியறிக்கைகளை நாடியது. மெட்டா நிறுவனம் 2023-இல் ஆயிரத்து நூறுக்கு மேற்பட்ட மொழிகளில் புதிய ஏற்பாட்டு வாசிப்புகளைச் சேர்த்தது. வானொலி அறிவிப்பாளரிடமும் வேதாகம வாசகரிடமும் பாடம் கேட்ட யந்திரத்துக்குக் கோலி எங்கே தெரியப்போகிறது?

வேதாகமம் என்றதும் என் கை, இந்திய மொழிகளைச் சர்வே செய்த கிரியர்சன் துரையின் தொகுதிகளை நோக்கிப் போய்விட்டது. 1894-இல் தொடங்கி முப்பதாண்டுகளுக்கு மேல் நடந்து, 179 மொழிகளையும் 544 கிளைமொழிகளையும் கணக்கிட்ட அந்த மகா சர்வேக்கு, மூவிடப் பெயர்களும் முக்காலமும் பெரும்பாலான வேற்றுமைகளும் ஒருங்கே அமைந்திருக்கின்றன என்பதற்காக, அவர் தேர்ந்த மாதிரி வேதாகமத்து ஊதாரி மைந்தன் கதை. சென்னை ராஜதானி அந்த சர்வேயில் சேரவில்லை. ஆயினும் 1906-இல் வெளிவந்த நான்காம் தொகுதி, எங்கள் பம்பாய் மாகாணத்தில் கூடை முடைந்து வாழ்ந்த கைகாடிகளின் பேச்சைத் தமிழின் பக்கத்தில் வைத்து வர்ணிக்கிறது. இந்த அதிசயத்துக்குக் காரணம், மாதிரி கேட்பதற்கு முன்பே, “உமது ஜில்லாவில் என்னென்ன பாஷைகள் பேசப்படுகின்றன?” என்று ஒவ்வோர் அதிகாரியிடமும் பட்டியல் கேட்ட அவருடைய முறைமையே.

இன்று குரல் சேகரிப்போரும் அக்கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மும்பைக்கு மராத்தி, நெல்லைக்குத் தமிழ் என்று முன்கூட்டியே பங்கு பிரித்துவிட்டால், தாராவித் தோல் பட்டறையின் தமிழும், மாதுங்கா பூக்கடையின் தமிழும், செம்பூர் சேடா நகர் முருகன் சந்நிதியின் தமிழும் எந்தக் கணக்கிலும் ஏறா. கதையில் தூரதேசம் போன மைந்தன் வீடு திரும்பினான். எங்களவர்கள் திரும்புவதாக இல்லை. ஆகையால் ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு குரல் சேகரிப்போர்தாம் இங்கே வந்தாக வேண்டும்.