எரிமம் மறைந்தது, பிழைப்பெயர் நின்றது

‘ஆக்சிசன்’ என்பதே பொருள் வழுவா அறிவியற்பெயர் என்றும், ‘உயிர்வளி’ என்பது புலவர் கட்டிய புனைவு என்றும் உரைப்பார் இன்றும் உளர். அவர்தம் கூற்றின் வலிமையை அறிய, வேதியியலார் கைவிட்ட பழஞ்சொல் ஒன்றைத் தோண்டிப் பார்த்தல் வேண்டும்.

அச்சொல் ‘பிளோசிசுத்தன்’. எரிதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்வழிப் பிறந்தது; தமிழில் எரிமம் எனலாம். எரியும் பொருள்களில் ‘கொழுமண்’ ஒன்று உறைவதாகச் செருமானியராகிய பெக்கர் 1667-இல் கூறினார். அதனையே சுடால் என்பார் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பெயரிட்டு நிலைநாட்டினார். விறகு எரியுங்கால் எரிமம் வெளியேறும், எஞ்சுவது சாம்பல். மாழையைச் சுட்டாலும் எரிமம் நீங்க, நீறு மிஞ்சும். அந்நீற்றைக் கரியோடு சேர்த்துக் காய்ச்சின், கரியிலுள்ள எரிமம் புகுந்து மாழை மீளும். எத்துணை ஒழுங்கான விளக்கம்! இடர் ஒன்றே: எரிமம் இழந்த நீறு, மாழையினும் எடை மிகுந்திருந்தது. இழந்தது எங்ஙனம் கனக்கும்? எரிமத்தின் எடையே எதிர்மறையானது என்றுகூடச் சிலர் சொல்லாடினர். பெயரைக் காக்கப் பொருளை வளைத்தனர் என்க.

1774-இல் பிரீசிட்லி, பாதரசம் எனப்படும் இதளின் செந்நீற்றைச் சூடாக்கி ஒரு வளியைப் பிரித்தார். அதற்கும் ‘எரிமம் நீங்கிய வளி’ என்றே பெயரிட்டார். கையில் புதுப்பொருள், வாயில் பழஞ்சொல்! பிரஞ்சு நாட்டு இலவாசியேயோ துலாக்கோலை நம்பினார். எரிதலில் எரிமம் வெளியேறவில்லை, வளியே வந்து சேர்கின்றது எனக் காட்டி, 1783-இல் எரிமக் கொள்கையை வெளிப்படையாகத் தாக்கி எழுதினார். 1804-இல் மறையும்வரை பிரீசிட்லி அக்கொள்கையைக் கைவிட்டிலர்.

எரிமத்தை வீழ்த்திய இலவாசியே அவ்வளிக்கு இட்ட பெயர்தான் ‘ஆக்சிசன்’. ‘காடி பிறப்பிப்பது’ என்பது அதன் கிரேக்கப் பொருள். காடிகள் அனைத்திலும் அவ்வளி உண்டென அவர் கருதினார். உப்புக்காடியில் அஃது அறவே இல்லை என்பது 1810-இல் இடேவியின் ஆய்வால் விளங்கிற்று. கருத்து வீழ்ந்தது, பெயர் வீழவில்லை. செருமானியர் அப்பிழையைக்கூடக் கிரேக்கத்தில் கடன்கொள்ளாது, ‘புளிப்புப்பொருள்’ எனத் தம் மொழியிலேயே வழங்குகின்றனர். அதனால் அவர்தம் வேதியியல் தாழ்ந்ததா?

‘உயிர்வளி இன்றியும் வாழும் நுண்ணுயிர்கள் உளவே, அப்பெயர் எங்ஙனம் பொருந்தும்?’ என்று நம்மவர் தடை எழுப்புவர். உப்புக்காடியில் இல்லாத ஒன்றைக் ‘காடி பிறப்பிப்பது’ என அழைக்கக் கூசாதவர்க்கு, மாந்தர் மூச்சுக்கு உதவும் வளியை உயிர்வளி என அழைப்பதில் கூச்சம் எங்கிருந்து வந்தது?