மறைக்க வேண்டிய மாதங்கள் அல்ல

வேலை கிடைத்ததை ஊரெல்லாம் சொல்லி மகிழும் நாம், வேலை போனதை வீட்டுக்குள்ளேயே குரல் தாழ்த்தித்தான் பேசுகிறோம். தகுதிகாண் பருவத்திலேயே போய்விட்டாலோ, பேசுவதே இல்லை. படித்து முடித்துச் சென்ற மாணவர்கள் நம்மிடம் கொண்டுவரும் ஐயங்களுள் இதுவும் ஒன்று: அடுத்த நேர்காணலில் அந்த நான்கு மாதங்களைச் சொல்வதா, மறைப்பதா? சொல்லுங்கள் என்பதே நம் விடை.

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'தகுதிகாண் பருவம்' என்பதில் 'காண்பருவம்' வினைத்தொகை. கண்ட, காண்கின்ற, காணும் என முக்காலமும் அதில் கரந்து நிற்கின்றன. காலம் மட்டுமன்று, காண்பவர் யார் என்பதையும் அச்சொல் வெளிப்படச் சொல்லவில்லை. நிறுவனம் பணியாளரின் தகுதியைக் காண்கிறது; பணியாளரும் நிறுவனத்தின் தகுதியைக் காண்கிறார். ஒருவருக்கொருவர் ஒவ்வாவிட்டால் பிரிந்துகொள்ளத்தான் இப்படியொரு பருவமே வைக்கப்பட்டிருக்கிறது. தேர்வில் தோற்றவனைப் பார்ப்பதுபோல் அப்படிப் பிரிந்தவரைப் பார்ப்பது சொல்லின் பொருளுக்கே மாறானது.

சட்டமும் இப்பிரிவைக் குற்றத் தீர்ப்பாகக் கொள்வதில்லை. பர்ஷோத்தம் லால் திங்ரா வழக்கில் 1957-இல் உச்ச நீதிமன்றம், தகுதிகாண் பருவத்தினரை வெறுமனே விடுவிப்பது தண்டனை ஆகாது, தண்டனையாக நீக்குவதாயின் முறையான விசாரணை வேண்டும் என்று வேறுபடுத்தியது. 1999-இல் தீப்தி பிரகாஷ் பானர்ஜி வழக்கில் இன்னும் நுணுகிப் பார்த்தது. களங்கம் கற்பிக்கும் சொற்கள் விடுவிப்பு ஆணையிலேயே இருக்க வேண்டியதில்லை. ஆணை சுட்டும் வேறோர் ஆவணத்தில் இருந்தாலும் போதும், ஏனெனில் அதை வருங்கால முதலாளி கேட்டு வாங்கக்கூடும் என்றது. நம் மாணவர்கள் அஞ்சும் அதே வருங்கால முதலாளியை நீதிமன்றமும் எண்ணிப் பார்த்திருக்கிறது! இவை அரசு, அரசு சார்ந்த பணிகளைப் பற்றிய தீர்ப்புகள். தனியார் துறைக்கு அப்படியே பொருந்தா. ஆயினும் விடுவிப்பு வேறு, தண்டனை வேறு என்னும் தெளிவு எல்லோருக்கும் உரியது.

மறைத்தால் என்ன? வைப்பு நிதிக்கு 2014 முதல் ஒருவருக்கு ஒரே பொதுக் கணக்கு எண் நடைமுறையில் உள்ளது. நிதி பிடித்தம் செய்யப்பட்ட ஒவ்வொரு வேலையும், சேர்ந்த நாளும் விலகிய நாளும், அதில் பதிவாகின்றன. பின்புலச் சரிபார்ப்பில் உண்மை வெளிப்பட்டால், பழைய வேலை போனதற்காக அன்று, பொய் சொன்னதற்காகப் புதிய வேலை போகும்.

இங்கே ஒரு வேறுபாடு உண்டு. தன்விவரக் குறிப்பு என்பது நாமே தேர்ந்து தொகுப்பது. மூன்று வாரமே பார்த்த வேலையை அதில் சேர்க்காமல் விடுவது குற்றமன்று. ஆனால் 'முந்தைய பணிகள் அனைத்தையும் குறிப்பிடுக' என்று கேட்டு, கீழே கையொப்பமும் வாங்கும் படிவத்தில் விடுவது பொய்யே. 'நீங்களாகவே விலகல் கடிதம் கொடுத்துவிடுங்கள்' என்று நிறுவனம் சொல்லி விலகியவர்களும் உண்டு. அவர்கள் 'விலகினேன்' என்று எழுதலாம். ஏன் விலகினீர் என்று நேரில் கேட்டால், 'தகுதிகாண் பருவ மதிப்பீட்டுக்குப் பின் விலகும்படி கூறினர்' என்று முழுதும் சொல்லிவிடுவதே நன்று.

எப்படிச் சொல்வது? சுருங்கச் சொல்ல வேண்டும். "கணக்குப் பிரிவில் நான்கு மாதம் இருந்தேன். மாத இறுதிக் கணக்கு முடிப்பதில் அவர்கள் எதிர்பார்த்த வேகம் எனக்கு அப்போது வரவில்லை; விடுவித்தார்கள். அதன்பின் டேலி பயின்று, ஒரு தணிக்கையாளரிடம் இரண்டு மாதம் வேலை பார்த்தேன்." இவ்வளவு போதும். நடந்தது, காரணம், பின்னர்ச் செய்தது ஆகிய மூன்றும் இதில் உள்ளன. பழைய மேலாளரைத் தூற்றினால், நாளை நம்மையும் இப்படித்தான் தூற்றுவார் என்று கேட்பவர் எண்ணுவார். தன்னையே இழித்துப் பேசினாலோ, கேட்காத குறையையும் நாமே எடுத்துக் கொடுத்தவர் ஆவோம். ஆட்குறைப்பில் போன வேலையாயின் அதை அவ்வாறே சொல்ல வேண்டும். திறமைக் குறைவென்று தன்மேல் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

நேர்காணல் செய்வோரிடமும் ஒரு வேண்டுகோள். 'ஏன் அனுப்பிவிட்டார்கள்?' என்று இதழோரச் சிரிப்போடு கேட்பது தகுதி அறியும் வழியன்று. உண்மை சொன்னவரை அதற்காகவே ஒதுக்கினால், அடுத்து வருபவர் பொய்யைப் பயின்றுகொண்டு வருவார். கல்லூரிகளில் நேர்காணலுக்கு எப்படி உடுத்துவது, எப்படிக் கைகுலுக்குவது என்றெல்லாம் பயிற்சி தருகிறோம். வேலை போனால் அதை நிமிர்ந்து நின்று எப்படிச் சொல்வது என்பதற்கும் ஒரு வகுப்பு ஒதுக்கலாம். அந்த வகுப்பில் பெற்றோரும் அமர்ந்தால் இன்னும் நல்லது.